ஜும்ஆ பயான்: நோட்டில் எழுதாமல் விட்ட கணக்கு

ஹிஜ்ரி 1447, முஹர்ரம் பிறை 1 (27.06.2025, வெள்ளிக்கிழமை)

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



நேற்று மஃக்ரிபோடு 1446 முடிந்துவிட்டது. இரவு முழுக்க வாட்ஸ்அப்பில் புத்தாண்டு வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் இந்த ஹிஜ்ரி கணக்கு எப்படித் தொடங்கியது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் ஆட்சிக் காலத்தில் அவர்களிடம் ஒரு பத்திரம் வந்தது. ஷஃபானில் தவணை என்று அதில் எழுதியிருந்தது. எந்த ஷஃபான், போனதா, இப்போது நடப்பதா, இனி வரப்போவதா என்று உமர் (ரலி) கேட்டார்கள். அதன் பிறகுதான் ஸஹாபாக்களோடு ஆலோசனை நடந்து, ஹிஜ்ரத்தை வைத்து ஆண்டு எண்ணுவது முடிவானது. இப்படி ஒரு ரிவாயத் இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் தரவேண்டியதை எப்போது தருவது என்ற கேள்வி நம் காலண்டரின் பிறப்பிலேயே இருக்கிறது. இன்று இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

போன முஹர்ரம் பிறை 1 அன்று, அதாவது 2024 ஜூலை 8ஆம் தேதி, நான் ஒரு நோட்டு வாங்கினேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் முஹாஸபாவைப் பற்றித் தனிப் பாடமே எழுதியிருக்கிறார்கள். வியாபாரக் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதுபோல் நஃப்ஸிடம் கேள் என்கிறார்கள். காலையில் அதனிடம் நிபந்தனை பேசு, பகலில் கண்காணி, இரவில் கணக்குப் பார். ஃபர்ளுகள்தான் முதல், நஃபில்கள் லாபம், பாவங்கள் நஷ்டம். வில்லியனூரில் கடை வைத்திருப்பவருக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

அந்த இமாம் சும்மா ஏட்டில் எழுதிவிட்டுப் போனவர் அல்ல. பக்தாதின் நிழாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியராக இருந்தார்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள், மன்னர்களின் மரியாதை எல்லாம் இருந்தது. ஹிஜ்ரி 488இல் தன் நிய்யத்தைத் தோண்டிப் பார்த்தபோது, தான் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காக அல்ல, பேருக்கும் புகழுக்கும்தான் என்று கண்டார்கள். ரஜபிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் போகவா இருக்கவா என்று தவித்தார்கள். கடைசியில் பாடம் சொல்ல நாக்கே எழவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஷாமுக்குக் கிளம்பினார்கள். தன் அமல்களிலேயே மிக நல்லது என்று எதை நினைத்தார்களோ, அங்கேதான் ஓட்டை இருந்தது.

என் நோட்டுக்கு வருகிறேன். போன வாரம் அதை முதலிலிருந்து படித்தேன். தஹஜ்ஜுத் எத்தனை நாள் தவறியது, குர்ஆன் எத்தனை ஜுஸ்வு, எந்த நாள் கோபப்பட்டேன், செல்போனில் எவ்வளவு நேரம் போனது, எல்லாம் இருந்தது. ரமளான் பக்கங்கள் அழகாகவே இருந்தன. உள்ளபடி சொல்கிறேன், படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே ஜமாதுல் அவ்வல் கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். உங்களுக்கும் மறந்திருக்காது. நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. சங்கராபரணி பெருகி வில்லியனூர்ப் பக்கம் ஊருக்குள் வந்தது. சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைத் திங்கட்கிழமை சூழ்ந்துகொண்டது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அடுத்த தெருவில் இருக்கும் விவசாயி ஒருவர், இந்துச் சகோதரர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ட்ராக்டர் கொண்டுவந்து என் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அவருடைய சம்பா நடவு முழுக்கத் தண்ணீருக்கடியில் கிடந்த நேரம் அது.

நோட்டில் அன்று நான் எழுதியிருந்தது இது: "ஃபஜ்ர் ஜமாஅத் தவறியது."

அதைப் பார்த்தபோதுதான் தலையில் அடித்ததுபோல் ஞாபகம் வந்தது. அந்த அண்ணனுக்கு நான் 4,200 ரூபாய் பாக்கி. 1445 ரமளானுக்கு முன்னால், அவர் அறுவடை முடித்த கையோடு இரண்டு மூட்டை அரிசி வீட்டில் இறக்கினார். "அப்புறம் குடுங்க ஹஜ்ரத்" என்றார். அந்த அப்புறம் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. வழியில் பார்க்கும்போதெல்லாம் சிரித்துப் பேசுவோம். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இல்லாமல் போனதால் அல்ல. புயலுக்குப் பிறகு அரசு ஒவ்வொரு ரேஷன் கார்டுக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது, எங்களுக்கும் வந்தது. அப்போதும் ஞாபகம் வரவில்லை. நோட்டு முழுக்கப் புரட்டினேன். அவர் பேரே இல்லை. அவர் பேர் மட்டுமல்ல, நான் யாருக்கு என்ன தரவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

குர்ஆனில் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது? ஆலிம்களுக்குத் தெரியும். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவையுங்கள், சிறியதானாலும் பெரியதானாலும் தவணையோடு எழுதச் சலிக்காதீர்கள் என்று அல்லாஹ் கட்டளையிடும் பகராவின் 282ஆம் வசனம். அதை இந்த மிம்பரில் நின்று எத்தனை தடவை ஓதியிருக்கிறேன்! எழுதச் சொன்னதை எழுதாமல், மற்ற எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "என்ன ஹஜ்ரத் இதுக்குப்போயி" என்று அவர் சங்கடப்பட்டார். மறந்துவிட்டீர்களா அண்ணே என்றேன். "மறக்கல. கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு இருந்தேன்" என்றார். அவருடைய வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். "தண்ணி வடிஞ்சப்ப உரம் வாங்கக் காசில்லாம என் தோட்டைத்தான் அடகு வெச்சோம். இன்னும் வட்டிதான் கட்டிட்டிருக்கோம்" என்றார். அண்ணன் அவரை அதட்டினார். அவர் உள்ளே போய்விட்டார்.

சகோதரர்களே, வட்டி ஹராம் என்று நான் உங்களுக்கு எத்தனை பயான் செய்திருப்பேன்! என் தாமதத்தால் என் அண்டை வீட்டுக்காரர் மாதாமாதம் வட்டி கட்டியிருக்கிறார். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வந்து, ஒருவரைத் திட்டியதற்கும் இன்னொருவர் பொருளைத் தின்றதற்கும் அந்த நன்மைகளையெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனைத்தான் நபி (ஸல்) அவர்கள் திவாலானவன் என்றார்கள். அதை ஓதிக் கொடுத்தவன் நான்.

அந்த 4,200ஐ அவர் வாங்கிக்கொண்டார். வட்டி கட்டியதில் என் பங்கையும் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றார். அந்த அம்மா வெளியே வரவில்லை. அவரிடம் நான் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. மாற்று மதத்தார் என்பதால் இந்த ஹக்கு குறைந்துவிடாது. அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

நிஜமாகவே முடியாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். புயலில் போன பயிரிலிருந்து இன்னும் எழாதவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவருக்கு அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். ஆனால் முடியாதவரும் நேரில் போய் "எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். தெருவில் அவரைக் கண்டதும் வேறு சந்தில் திரும்ப வேண்டியதில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். முதல் பக்கத்தில் தஹஜ்ஜுதை எழுதாதீர்கள். கேட்காமல் இருக்கிறவர்களின் பேரை எழுதுங்கள். பெண்டாட்டியிடம் வாங்கி அடகு வைத்த நகை, தம்பிக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கு, அக்காவுக்குக் கொடுக்காமல் விட்ட வாரிசுரிமை, மளிகைக் கடைப் பாக்கி, வேலை செய்தவருக்குப் பிடித்தம் போட்ட கூலி. தாய்மார்களே, உங்கள் சீட்டுப் பணக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1447இன் நோட்டை நான் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மீது யாருடைய ஹக்கு இருக்கிறதோ, அதை மவுத்துக்கு முன்னால் எங்கள் கையாலேயே கொடுத்து முடிக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. வெள்ளத்தில் பயிரை இழந்தவர்களுக்கு இந்தப் பட்டத்தில் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.