அளவு யார் கையில்?

தன் வீட்டில், தன் கையால், தன் உபயோகத்துக்கென்று மது செய்கிறவன் பாவஞ் செய்கிறானா? தமிழ்நாட்டில் அநுமதியின்றி மது செய்வது சட்டப்படி குற்றம். ஆகையால் இங்கே இக்கேள்விக்கு இடமில்லை. ஆனால் இங்கிலாந்தில், சொந்த உபயோகத்துக்குப் பீர் செய்வோர் பெறவேண்டியிருந்த லைசென்ஸ் 1963-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவிலும் 1978-ல் சட்டம் இதற்கு இடங்கொடுத்தது. அத்தேசங்களில் அநேகர் இதை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அங்கே குடியேறியிருக்கிறார்கள். ஆகவே இதைச் சற்று ஆராய்வது நலம்.

முதலாவது, செய்கிற வேலையைப் பார்ப்போம். தேனில் தண்ணீர் மிகக் குறைவு. ஆனதால் அது நெடுநாள் புளிக்காமல் இருக்கும். அதனோடு மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஈஸ்ட் சேர்த்தால், நுரைத்துப் பொங்கித் தேன்மதுவாகும். பீருக்கோ முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவும் வேண்டும். பாத்திரம் அசுத்தமானால் எல்லாம் கெட்டுப்போம். நுரை அடங்குமுன் அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால் புட்டியே வெடிக்கும். தேன்மது பக்குவப்படப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். சுத்தத்தையும் பொறுமையையும் கற்பிக்கிற வேலையைத் தன்னிலே தீயது என்று யார் சொல்லக்கூடும்? இங்கிலாந்திலுள்ள பக்பாஸ்ட் மடத்தில் தேனீ வளர்த்து உலகப் புகழ் பெற்ற சகோதரர் ஆதாம் (1898–1996) தேன்மதுவும் செய்தவரே.

அப்படியானால் குற்றம் எங்கே பிறக்கிறது? அளவில் பிறக்கிறது என்போம். மெய்தான். ஆனால் அந்த அளவை வைப்பவர் யார்?

ஆறாம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் தம் சந்நியாசிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 40-ம் அதிகாரத்தில், நாளொன்றுக்கு ஒரு ஹெமினா திராட்சரசம் போதும் என்றார். ரோமர் கணக்கில் அது ஏறக்குறைய கால் லிட்டர். ஆனால் மற்றவர்களுக்கு அளவு குறிக்கத் தமக்கு மனத் தயக்கம் உண்டென்பதையும் அவர் மறைக்கவில்லை. கடும் வேலையும் வெயிலும் உள்ள காலத்தில் சற்றுக் கூட்டலாம் என்றார். குடியாமலே இருக்க வரம் பெற்றவர்களுக்குத் தனிச் சம்பாவனை உண்டென்றும் சொன்னார். பிறன் அளவை நிர்ணயிக்க ஒரு மடாதிபதியே தயங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் மது செய்கிறவனுக்கு இந்தத் தயக்கம் எளிதில் வராது. கடைக்காரனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரவில் கடை சாத்தப்படுகிறது. வீட்டு ஜாடிக்குச் சாத்தும் நேரம் ஏது? காசும் கேட்பாரில்லை. மேலும், தன் கைவேலையைப் பிறர் புகழவேண்டும் என்னும் வீண்பெருமையும் சேர்ந்துகொள்கிறது. விருந்தாளி போதுமென்று கையால் மறைத்தாலும், "நானே செய்தது, இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துகிறான். அந்த விருந்தாளி குடியை விட்டொழிக்கப் போராடுகிறவனாயிருந்தால் என்ன ஆகும்? உபசாரம் என்ற பெயரால் அந்த ஆத்துமத்தை இடறப் பண்ணினவன் யார்?

"என் வீடு, என் உழைப்பு, யாருக்கு நஷ்டம்?" என்பது போதிய பதில் அன்று. ஜாடி எவ்வளவு வேகமாய்க் குறைகிறதென்று முதலில் அறிகிறவள் மனைவி, அடுத்தபடி பிள்ளைகள். அவர்கள் சொல்லத் துணியாததை அவர்கள் முகத்திலே வாசிக்கலாம்.

ஈஸ்ட்டுக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. தான் உண்டாக்கின சாராயச் சத்து மிஞ்சும்போது, அதனாலேயே செயலிழந்து மடிகிறது. மனிதனுக்கோ புத்தியும் மனச்சுதந்தரமும் அருளப்பட்டிருக்கின்றன. மட்டசனம் என்ற புண்ணியம் அவற்றில் வேரூன்றியது.

தூரதேசத்திலிருக்கும் உங்கள் மகன், தான் செய்த தேன்மதுவைப் பற்றிச் சந்தோஷமாய் எழுதினால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். இரண்டே கேள்விகள் கேளுங்கள்: தபசு காலம் முழுவதும் அந்த ஜாடியைத் தொடாமல் இருக்க உன்னால் கூடுமா? விருந்தாளி போதுமென்றால், முகங்கோணாமல் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பாயா? ஆம் என்று சொல்லக்கூடுமானால், அளவு இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. தயங்கினால், ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதே அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் நன்மை.