அசையாமையும் இசைவும்

வீட்டில் வளரும் முயலைப் பயணக் கூண்டில் ஏற்றுவது பார்வைக்கு மிகச் சிறிய வேலை. இரண்டு கிலோ எடையுள்ள ஓர் உயிர், ஒரு கூண்டு, எங்கோ காத்திருக்கும் கால்நடை மருத்துவர், அவ்வளவுதான். ஆனாலும் நமக்கும் அந்த உயிருக்கும் உள்ள உறவு எதன்மீது நிற்கிறது என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. கூண்டு கூடத்துக்கு வந்ததுமே முயல் கட்டிலுக்கடியில் கடைசி மூலைக்குப் போய்விடுகிறது. பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டுகிறது. நாம் குனிந்து கையை நீட்ட நீட்ட அது இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் கொத்தமல்லித் தழை கொடுத்த கைதான். மாலையில் அதே கை அதற்கு அந்நியமாகிவிட்டது. அதன் நன்மைக்காகத்தானே செய்கிறோம், பிறகு ஏன் இந்த அச்சம் என்ற கேள்வி முயல் வளர்க்கும் எவருக்கும் ஒரு நாள் எழும். அந்தக் கேள்வியோடு நாம் சற்று நேரம் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முயல் இரையாகவே வாழ்ந்து வந்த இனம். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் முன்னும் பின்னும் மேலுமாக ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது ஒரே நேரத்தில் பார்க்கிறது. தன் மூக்கு நுனிக்கு நேர் எதிரே உள்ள சிறு இடம் மட்டும் அதற்குத் தெரியாது. ஆபத்து எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்பதற்காகவே அமைந்த உடல் அது. காட்டில் வாழும் முயலை வேறோர் உயிர் தரையிலிருந்து தூக்குகிறது என்றால், பருந்தோ நரியோ பிடித்துவிட்டது என்றே பொருள். ஆகவே மேலிருந்து இறங்கி வயிற்றைப் பற்றும் கை யாருடையதாக இருந்தாலும், அன்பை அடையாளம் காண்பதற்கு முன்பே அதன் உடல் மரணத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. நம் நல்லெண்ணம் நமக்குள் இருக்கிறது. எதிரில் இருக்கும் உயிருக்குத் தெரிவது நம் செயலின் வடிவம் மட்டுமே.

அந்த அச்சத்துக்கு முயல் கொடுக்கக்கூடிய விலை பெரிது. அதன் எலும்புகள் அனைத்தும் சேர்ந்து உடல் எடையில் 7 அல்லது 8 சதவீதம்தான். பூனைக்கு அது 12, 13 சதவீதம். அத்தனை மெல்லிய எலும்புகளின்மேல் வலிமை மிகுந்த பின்னங்கால் தசைகள் பொருந்தியிருக்கின்றன. பின்பகுதி தாங்கப்படாமல் தொங்கும் நிலையில் முயல் ஓங்கி உதைத்தால், அந்த உதையின் விசையே அதன் கீழ் முதுகெலும்பை முறித்துவிடக்கூடும். தப்பிப்பதற்கென்று வாய்த்த வலிமை, தப்ப வழியில்லாதபோது தன்னையே உடைக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மார்பையும் பின்புறத்தையும் ஒருசேரத் தாங்கி, உடலோடு அணைத்துப் பிடிப்பார்கள். காதைப் பிடித்துத் தூக்குபவரைக் கண்டால் கோபப்படுவார்கள். தயங்கித் தயங்கிப் பற்றும் கைதான் அதிகம் காயப்படுத்துகிறது. மென்மையைத் தளர்ச்சி என்று எண்ணிக்கொள்வது நம் வழக்கம். தாங்க வேண்டிய இடத்தில் முழுமையாகத் தாங்குவதும் மென்மையே.

இதைவிட ஆழமாக நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. முயலை மல்லாத்திப் பிடித்தால் சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். கால்கள் தளரும், தலை பின்னால் சாயும், அசைவே இருக்காது. அந்தக் கிடப்பைப் பார்த்துச் சுகமாக உறங்குகிறது என்று பலர் நம்பினார்கள். நகம் வெட்டுவதற்கும் ஓரிடத்தில் அடக்கி வைப்பதற்கும் அதை ஓர் உபாயமாகவே கைக்கொண்டார்கள். ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அப்படிக் கிடக்கும் முயலின் இரத்தத்தில், பதற்றத்தின்போது ஊறும் சுரப்பு கூடுகிறது. பிடித்த விலங்கு ஒருவேளை பிடியைத் தளர்த்தக்கூடும் என்ற கடைசி வாய்ப்புக்காக உடல் தானாகவே மேற்கொள்ளும் உறைவு அது. வெளியே அமைதி, உள்ளே உச்சமான கலக்கம். இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை அன்பான கைகள் அந்த வயிற்றைத் தடவிக் கொடுத்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதைச் சொல்பவர் எப்போதும் கேள்வி கேட்டவர். மௌனமாக இருந்தவர் அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை. பேச முடியாதவரின் அசையாமைக்குப் பொருள் சொல்லும் உரிமை வலுவுள்ளவர் கையில் இருந்துவிடுகிறது. அவரும் தமக்கு வசதியான பொருளையே அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் மெய்யான இசைவை எதைக் கொண்டு அறிவது?

விடைக்கு முயலின் பூர்வீகத்தையே பார்க்கலாம். வீடுகளில் வளரும் முயல்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தின் காட்டு முயல். சந்தையில் வாங்கும் வெள்ளை முயலும் சரி, கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் வளர்க்கும் சோவியத் சின்சில்லாவும் ஒயிட் ஜெயன்ட்டும் சரி, அந்த வழியில் வந்தவையே. நம் கரட்டுக் காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம்; அது வளை தோண்டுவதில்லை, புதரடியில் பதுங்கிப் படுத்துக்கொள்ளும். ஐபீரிய முயலோ மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. குறுகிய இடம், இருட்டு, உடலை உரசும் சுவர் ஆகிய மூன்றும் அதற்கு இளைப்பாறும் இடத்தின் அடையாளங்கள். பயணக் கூண்டிலும் இவை மூன்றும் உண்டு. பிறகு, வளைக்குள் நிம்மதியாக உறங்கும் இனத்தின் வழித்தோன்றல் கூண்டுக்குள் நடுங்குவது ஏன்? வளைக்குள் அது தன் காலால் நுழைகிறது. வளைக்கு வேறு வாயில்களும் இருப்பதால் வேண்டும்போது வெளியேறவும் செய்கிறது. கூண்டுக்குள் அது திணிக்கப்படுகிறது. இருக்கும் ஒரே வாயிலும் பின்னால் மூடிக்கொள்கிறது. ஒரே இருட்டு ஓரிடத்தில் புகலாகவும் இன்னோரிடத்தில் சிறையாகவும் ஆவதற்குச் சுவர்கள் காரணமில்லை. யாருடைய விருப்பத்தால் உள்ளே வந்தோம், வெளியே போக வழி இருக்கிறதா என்ற இரண்டும்தான் ஓர் இடம் நமக்கு என்னவாக இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன.

அதனால்தான், கூண்டை எந்நாளும் ஒரு மூலையில் கதவு திறந்தபடி வைத்திருக்கும் வீட்டின் முயல் வேறு விதமாக நடந்துகொள்கிறது. உள்ளே ஒரு பழைய துண்டு, உலர்ந்த புல், எப்போதாவது கல்யாண முருங்கை இலை. யாரும் அதை அழைப்பதில்லை. உள்ளே போனால் கதவைச் சாத்துவதுமில்லை. முதலில் முகர்ந்துவிட்டு விலகும். பிறகு முன்னங்கால்களை மட்டும் உள்ளே வைத்துக் கழுத்தை நீட்டிப் புல்லை இழுக்கும். பின்னங்கால்கள் ஓடுவதற்கு ஆயத்தமாக வெளியிலேயே ஊன்றி நிற்கும். பாதி உடலால் நம்பியும் பாதி உடலால் ஐயுற்றும் நிற்கும் அந்த நிலையில் எவ்வளவு விவேகம் இருக்கிறது! பிறகொரு நாள் முழு உடலும் உள்ளே போகும். இன்னொரு நாள் கூண்டின் விளிம்பில் மோவாயைத் தேய்க்கும். மோவாய்க்கு அடியில் உள்ள மணச் சுரப்பிகளால் முயல் தன் இடத்தையும் தன் பொருள்களையும் குறித்து வைக்கிறது. நம்முடைய கூண்டு அன்றைக்கு அதனுடைய கூண்டாகிறது. மறுத்துவிட்டுப் போக முடிந்த இடத்தில் மறுக்காமல் வந்தது என்பதே அந்த வருகைக்குப் பொருள் தருகிறது. கேரட் துண்டைக் காட்டி உள்ளே இழுத்துச் சட்டென்று கதவைச் சாத்துவதும் ஒரு வழிதான்; ஒரு முறை பலிக்கும். அதன்பின் முயல் கூண்டோடு சேர்த்துக் கேரட்டையும், அதை நீட்டும் கையையும் ஐயுறத் தொடங்கும்.

ஒருவர் இங்கே மறித்துக் கேட்கலாம்: கூண்டை விரும்பச் செய்வதும் கடைசியில் ஒரு நாள் அதைச் சாத்துவதற்குத்தானே, இதுவும் நெடுநாளைக்கு நீளும் ஓர் ஏமாற்று ஆகாதா? நியாயமான கேள்வி. ஊசி எதற்கு, ஓயாமல் வளரும் பல்லைத் தேய்த்துக் குறைப்பது எதற்கு என்பதை முயலுக்கு விளக்க வழியில்லை. விளங்காத ஒன்றுக்கு முழு இசைவு பெறவும் வழியில்லை. சாத்தும் நாளில் அதன் விருப்பத்தை மீறித்தான் சாத்துகிறோம். அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. விளக்க முடியாது என்பதால் நம் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை, கூடத்தான் செய்கிறது. புரியவைக்கக் கூடியவரிடம் சொல்லால் செய்வதை, புரியவைக்க முடியாதவரிடம் நாள்தோறும் நடந்துகொள்ளும் முறையால் செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலான நாட்களில் புல்லும் உறக்கமும் கிடைத்த கூண்டு என்றால், கதவு மூடிய நாளிலும் அந்த உயிர் தன் சொந்த மணத்துக்குள்ளேயே இருக்கிறது. அச்சத்தை முற்றிலும் நீக்க நம்மால் ஆகாது. அச்சத்தின் நடுவிலும் தன்னுடையது என்று ஏதோ ஒன்றை அதற்கு விட்டுவைக்க ஆகும்.

அந்தப் பொறுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே இனத்தின் காட்டு முயலையும் வீட்டு முயலையும் பிரிப்பது ஏதோ ஒரு மரபணு இல்லை, மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய பலவற்றில் நேர்ந்த சிறு சிறு மாற்றங்களே என்று 2014-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2018-இல் இரண்டின் மூளைகளையும் படமெடுத்து ஒப்பிட்டவர்கள், அச்சத்தை எழுப்பும் அமிக்டலா வீட்டு முயலில் சிறுத்திருப்பதையும், அந்த அச்சத்தை ஆளும் முன்மூளைப் பகுதி பெருத்திருப்பதையும் கண்டார்கள். இரையாகப் பிறந்த இனத்துக்கு அச்சமே கவசம். மனிதரோடு வாழ்ந்த எத்தனையோ தலைமுறைகளில் அந்தக் கவசத்தில் ஒரு பகுதி கழன்றுவிட்டது. முயல் நம்மை நோக்கி ஓரடி வைக்கும்போது, நாம் இன்னும் ஈட்டாத நம்பிக்கையை முன்கூட்டியே நமக்குக் கொடுத்துவிடுகிறது.

எல்லா நாளும் காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். தீனியைத் தொடாமல், புழுக்கை போடாமல் அது ஒடுங்கி உட்கார்ந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறக்கூடும். அன்றைக்குத் துண்டில் சுற்றி எடுத்து வைக்கத்தான் வேண்டும். அன்று தயங்குவது அன்பாகாது. ஆனால் அந்த ஒரு நாளின் வன்மையைத் தாங்கும் சக்தி, அதற்கு முன் கழிந்த சாதாரண நாட்களிலிருந்துதான் வர வேண்டும்.

இதே கதைதான் நம்மிடையேயும் நடக்கிறது. ஊசி போட அழைத்துச் செல்லும் குழந்தையிடம் கடைக்குப் போகிறோம் என்கிறோம். ஊரில் தனியாக இருக்கும் தாயிடம், “ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடலாம்மா” என்கிறோம்; ஒன்றும் பேசாமல் அவர் காரில் ஏறி உட்காரும்போது ஒத்துக்கொண்டார் என்று நிம்மதி அடைகிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னே தலைகுனிந்து நின்ற எத்தனை பெண்களின் அசையாமையைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டோம். இவற்றில் பெரும்பாலானவற்றை நல்லெண்ணத்தோடுதான் செய்தோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வலிமையுள்ளவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது என்பதையும், மறுப்பதற்கு இடமில்லாத இடத்தில் கிடைக்கும் இசைவு வெறும் அசையாமைதான் என்பதையும், ஆகவே ஒருவரை நேசிப்பவரின் முதல் கடமை வேண்டாம் என்று சொல்வதற்கான இடத்தை அவருக்கு உண்டாக்கித் தருவது என்பதையும், அந்த இடத்தை நெருக்கடி வந்த அன்றைக்கு அவசரமாக உண்டாக்க முடியாது, எந்தத் தேவையும் இல்லாத எளிய நாட்களில்தான் சிறிது சிறிதாக உண்டாக்க முடியும் என்பதையும் நாம் தாமதமாகவே உணர்கிறோம்.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூண்டை இன்றைக்கே எடுத்துக் கழுவிக் காயவைத்து, முயல் நடமாடும் இடத்தில் கதவைத் திறந்து வையுங்கள். மருத்துவரிடம் போக வேண்டிய நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஜோடியாக வளர்த்தால் இரண்டுக்கும் சேர்த்துப் பெரிய கூண்டாக வைத்து, போகும் நாளில் இரண்டையும் ஒன்றாகவே கொண்டு செல்லுங்கள். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியேதான் பெருமளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. சித்திரை வெயிலில் அச்சமும் வெப்பமும் ஒன்றுசேர்ந்தால் அந்தச் சிறிய உடல் தாங்காது. ஆகவே பழக்குவதைக் கோடைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.