இன்ஷா அல்லாஹ்வின் பொருளைக் காப்போம்



'ஸலாத்' என்ற அரபுச் சொல்லுக்கு அகராதிப் பொருள் பிரார்த்தனை. தக்பீரில் தொடங்கி ஸலாமில் முடியும் வணக்கத்திற்கு மார்க்கம் அதைப் பெயராக்கியது. நம் முன்னோர்கள் அதைத் தமிழில் 'தொழுகை' என்றார்கள். கைகூப்பி வணங்குவதைக் குறித்த பழைய தமிழ்ச் சொல் அது. இன்று நம் பிள்ளைகள் அதைக் கேட்டால் ருகூவும் ஸுஜூதும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐவேளையும் தொழுதே முன்னோர்கள் அந்தப் பொருளை உண்டாக்கினார்கள்.

நாமோ, பொருள் நிறைந்த ஒரு சொல்லை வெறுமையாக்கிக்கொண்டிருக்கிறோம். 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்க்காமல், நாளை இதைச் செய்வேன் என்று சொல்லக் கூடாது என ஸூரத்துல் கஹ்ஃபின் 23, 24ஆம் வசனங்களில் அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிடுகிறான். செய்யும் எண்ணம் உள்ளவர், முடித்துத் தருபவன் அல்லாஹ்தான் என்று பணிவது அது.

ஆனால் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டால், "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம் பாய்" என்கிறோம். கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. பள்ளி விழாவுக்கு அழைக்கும் பிள்ளை, "இன்ஷா அல்லாஹ்ன்னு சொல்லாதீங்க அத்தா, வருவேன்னு சொல்லுங்க" என்கிறது. அல்லாஹ்வின் பெயர் கேட்டு அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை போகிறது என்றால், அந்தப் பாடத்தை நடத்தியது யார்?

இஸ்மாயீல் (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். அறுக்கும்படி கனவு கண்டதைத் தந்தை சொன்னபோது, அல்லாஹ் நாடினால் பொறுமையாக இருப்பேன் என்றார்கள். சொன்னபடியே பணிந்தார்கள். ஸூரா மர்யம் 54ஆம் வசனத்தில் அல்லாஹ் அவர்களை வாக்கில் உண்மையாளர் என்று புகழ்கிறான்.

வாக்கு மீறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மீறும் எண்ணத்தோடு கொடுக்கும் வாக்கை அல்லாஹ்வின் பெயரால் மூடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

சகோதரர்களே! முடியாததை, முடியாது என்று கனிவாகச் சொல்லுங்கள். முடியுமென்றால், "வெள்ளிக்கிழமை தருகிறேன், இன்ஷா அல்லாஹ்" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள், அதற்காக உழையுங்கள். தடை வந்தால் அந்த நாளுக்கு முன்பே போய்த் தெரிவியுங்கள். இன்றே வீட்டில், பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்.

சொன்னதைச் செய்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.