நிற்காமல் படிப்பவர்

கிராஃபிக் டிசைன் தொழிலில் பெயர்ப்பலகைக்கு மதிப்புக் குறைவு. லோகோ, விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ் எல்லாம் முடிந்த பிறகு, "போர்டையும் நீங்களே பார்த்துடுங்க" என்பார் வாடிக்கையாளர். அந்த வேலையிலேயே ஊன்றி நின்றவர்கள் பிரிட்டனின் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும்.

கின்னியர் செல்சி ஓவியக் கல்லூரியில் ஆசிரியர். கால்வர்ட் அவருடைய மாணவி. காட்விக் விமான நிலையப் பலகைகளில் தொடங்கினார்கள். 1958இல் திறக்கப்பட்ட பிரஸ்டன் புறவழிச்சாலை அடுத்து வந்தது. அதன்பின் நாட்டின் சாலைப் பலகைகள் அனைத்தும். 1965 ஜனவரி முதல் அவை நடைமுறைக்கு வந்தன.

வேகமாகப் போகிறவருக்கு என்ன தெரியவேண்டும் என்பதே கின்னியரின் முதல் கேள்வி. விடைதேடி, மாதிரிப் பலகைகளை லண்டன் ஹைட் பார்க் மரங்களில் சாய்த்துவைத்துத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அவர்கள் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. முதலில் எழுத்தின் உயரம். அந்த எழுத்துக் கோட்டின் தடிமனை அலகாக வைத்துச் சுற்றிலும் இடைவெளி. கடைசியில்தான் பலகையின் அளவு. நாம் செய்வது தலைகீழ். எட்டுக்கு நான்கு என்று பலகையை முதலில் முடிவுசெய்கிறோம். பிறகு கடைப்பெயர், உரிமையாளர் படம், மூன்று கைப்பேசி எண்கள், சாமி படம் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கிறோம்.

பள்ளிப் பகுதிக்கான பழைய பலகையில், தொப்பி போட்ட சிறுவன் ஒரு சிறுமியைக் கூட்டிப்போவான். அது வசதியான பள்ளிப் பிள்ளைகளின் படமாக இருக்கிறதே என்று கால்வர்ட்டுக்குப் பட்டது. தன் சிறுவயதுத் தோற்றத்தையே கொண்டு, சின்னப் பையனைக் கைப்பிடித்துப் போகும் சிறுமியை வரைந்தார். கின்னியரும் கால்வர்ட்டும் உருவாக்கிய ஓர் எழுத்துரு ரயில் நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. மருத்துவமனையில் அம்புக்குறியைத் தேடுகிறவர் பதற்றத்தில் இருப்பவர். அவரால் நிதானமாகப் படிக்க முடியாது.

இந்தத் தொழிலின் உண்மை அங்கேதான் இருக்கிறது. பலகைக்குப் பணம் கொடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு. பணம் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்து, இன்னும் பெரிதாக, இன்னும் சிவப்பாக என்று கேட்பார். படிப்பவர் அந்த அறைக்குள் வரவே மாட்டார். அவருக்காகப் பேச டிசைனரை விட்டால் ஆளில்லை.

இந்தத் தொழிலில் இறங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கணினித் திரையைக் காட்டி ஒப்புதல் வாங்காதீர்கள். முழு அளவில் அச்செடுத்துக் கடை வாசலில் மாட்டுங்கள். வாடிக்கையாளரை வண்டியில் ஏற்றி, அந்தத் தெருவில் ஒருமுறை நிற்காமல் அழைத்துப் போங்கள். பிறகு கேளுங்கள், என்ன படித்தீர்கள் என்று.