தர்மமா, கடனா?

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் நமது துணிக்கடையில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கடை நிறைய ஜனங்கள், ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு தகப்பனார் பத்து வயது மதிக்கத்தக்க மகனோடு உள்ளே வந்தார். பையன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டான். சற்றைக்கெல்லாம் தரையில் அமர்ந்து அலறத் தொடங்கினான். குடும்பம் முழுவதற்கும் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், "பிள்ளையை வளர்க்கத் தெரியாதவங்க ஏன் கடைத்தெருவுக்கு வர்றாங்க?" என்றார். தகப்பனார் பதில் பேசாமல் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாமும் பேசவில்லை. பெரிய வியாபாரம் கைநழுவிவிடக் கூடாதே என்ற கவலை நமக்கு. அன்றிரவு கல்லாவை எண்ணுகையில் மனம் உறுத்தியது.

நிற்க. அப்பிள்ளைக்கு ஆட்டிசம் என்று பக்கத்துக் கடைக்காரர் பிற்பாடு சொல்லி அறிந்தோம். இது பைத்தியமன்று, ஜின் பிடித்ததுமன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேற்றுமை. நமக்குச் சாதாரணமான ஓசையும் வெளிச்சமும் இவர்களில் பலருக்குத் தாங்கொணா வேதனை. சிலருக்குப் பேச்சு வராது. சிலர் சரளமாகப் பேசுவர், ஆயினும் பிறர் முகக்குறிப்பு விளங்காது. உலகில் 127 பேரில் ஒருவருக்கு இது உண்டு என உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டுள்ளது. அப்படியாயின் ஆயிரம் பேர் கூடும் ஜும்ஆவில் ஏழெட்டுப் பேராவது இருக்க வேண்டுமே! சிலர் நம் அருகிலேயே நிற்கிறார்கள், நமக்குத் தெரிவதில்லை. சிலரை வீட்டிலேயே விட்டு வருகிறார்கள். ஏன் விட்டு வருகிறார்கள் என்பதற்கு நமது கடையில் நடந்ததே சாட்சி.

பெற்றோரைப் பழிக்கும் வழக்கம் கடைத்தெருவில் மட்டும் உள்ளதன்று, கற்றோரும் பழித்தார்கள். அமெரிக்காவில் லியோ கேனர் என்ற வைத்தியர் 1943-இல் இத்தகைய பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் வெகுகாலம், தாயின் பாசம் குளிர்ந்துபோனதே காரணம் என்று வைத்தியர்களே சொல்லிவந்தார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளநூல் அறிஞர் அது தவறென்று நூல் எழுதி வாதாடினார். அவரே அத்தகைய ஒரு மகனுக்குத் தகப்பனார். எத்தனை தாய்மார் வீண்பழி சுமந்து மடிந்தார்களோ! தடுப்பூசியைக் குற்றம் சாட்டிய 1998-ஆம் வருஷத்துக் கட்டுரையையும், வெளியிட்ட சஞ்சிகையே 2010-இல் வாபஸ் வாங்கிவிட்டது. வதந்தி மட்டும் இன்னும் வாபஸாகவில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். இவர்களுக்கு நம்மிடையே இடம் கொடுப்பது தர்மமா, கடனா? வியாபாரிகளாகிய நமக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருவர் விளக்க வேண்டியதில்லை. ஸதகா கொடுத்தால் நன்மை, கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. ஜகாத் அப்படியன்று, அது நம் கைவசம் இருக்கும் ஏழையின் பொருள். கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்பவனை நாம் என்னவென்று அழைப்போம்? "பாவம், பொறுத்துக்கொள்வோம்" என்கிறோமே, அப்போது அந்தப் பொய்க்கணக்கைத்தான் எழுதுகிறோம். இன்று பொறுத்துக்கொள்பவன், கடையில் கூட்டம் மிகுந்த நாளில் பொறுக்காமலிருக்கவும் உரிமை வைத்துக்கொள்கிறான்.

"இவர்களில் கணக்கில் புலிகள் உண்டு, ஓவியர் உண்டு, ஆகவே ஆதரிக்க வேண்டும்" என்று வாதிப்போரும் உளர். நல்லெண்ணந்தான். ஆனால் பெரும்பாலோர் அப்படியல்லர். பெரும்பாலோராகிய நாமும் அப்படியல்லவே! திறமை கண்டு இடம் கொடுப்பது கொள்முதல். கடன் தீர்ப்பது வேறு.

குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், கண் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் குறுக்கே வந்து கேட்டதைக் குறித்துத்தான் 'அபஸ' என்னும் 80-ஆம் அத்தியாயம் இறங்கியது. பெரிய மனிதர்கள் ஒருபுறம், பேச்சைக் குலைத்த ஒருவர் மறுபுறம். அவருக்குரியது பரிவு அல்ல, உரிமை என்றே நாம் அதை விளங்கிக்கொள்கிறோம். அவரே பின்னாளில் மதீனாவில் பாங்கு சொன்னார்.

சட்டமும் இதைக் கடனாகவே பதிந்துவிட்டது. மலேசியாவில் 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் சாதாரணப் பள்ளியில் சேர இயலாத சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டனர். நமது கடை ஏட்டில்தான் பாக்கி நிற்கிறது.

ஒலிபெருக்கியின் சத்தத்தை இப்போது பாதியாகக் குறைத்துவிட்டோம். "முகத்தைப் பார்த்துப் பேசு" என்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்த வேண்டாம், அழுதால் சூழ்ந்து நிற்க வேண்டாம் என்று கடைப்பையன்களுக்குச் சொல்லியிருக்கிறோம். பின்கட்டில் ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறோம். அங்கே இரைச்சல் கிடையாது. அந்தத் தகப்பனாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் இன்னும் நம் கடைப்பக்கம் வரவில்லை.