தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?



திருக்கோவிலில் ஓர் இளைஞன் களவுக் குற்றத்திற்காக எட்டு மாதம் மறியலில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறான் என வைத்துக்கொள்வோம். மீண்டும் தோணி ஏறுகிறான், உழைக்கிறான், கடையில் வாங்கும் பொருளுக்கு எல்லாரையும்போல் வரியும் கொடுக்கிறான். ஆனால் தேர்தல் நாளன்று தாயும் தம்பியும் வாக்களிக்கப் போக, அவன் மட்டும் வீட்டில் இருக்கவேண்டும்.

ஏன்? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்திற்காக, ஆறு மாதத்திற்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஏழு ஆண்டுகள் செல்லும்வரை வாக்காளராகத் தகுதியற்றவர். பாராளுமன்றத்தின் ஆயுளும் ஜனாதிபதியின் பதவிக்காலமும் ஐந்தைந்து ஆண்டுகளே என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

"சட்டத்தை மீறியவனுக்குச் சட்டம் இயற்றுவோரைத் தெரிவுசெய்ய என்ன உரிமை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பொருளைப் பறிகொடுத்தவரின் வேதனை சிறிதன்று. ஆனால் அந்த வேதனையையும் நிறுத்துப் பார்த்துத்தானே நீதவான் எட்டு மாதம் என்றார்? அதன்மேல் வரும் ஏழு ஆண்டை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. எட்டு மாதம் இருந்தவனுக்கும் ஏழு. எட்டு ஆண்டு இருந்தவனுக்கும் ஏழு. தேர்தலிலேயே மோசடி செய்தவனைச் சில காலம் விலக்கிவைப்பதில் பொருளுண்டு. மாடு திருடியவனை விலக்குவதால் எந்தத் தேர்தல் தூய்மை பெறுகிறது? இந்தியாவில், தேர்தல் குற்றங்கள் நீங்கலாக, சிறையை விட்டு வெளியே வந்தவருக்கு வாக்களிக்கத் தடையில்லை.

நம் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு: ஜனாதிபதியின் முழு மன்னிப்பு. சிறை செல்லாமலே 1980இல் ஏழு ஆண்டுகளுக்குக் குடியியல் உரிமை பறிக்கப்பட்ட திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு, 1986இல் மன்னிப்பால் அது மீண்டது. 2012இல் சிறையிலிருந்து விடுதலையான சரத் பொன்சேகாவுக்கு 2015 ஜனவரியில் மீண்டது. அவர்கள் பெயரை நாடு அறியும். திருக்கோவில் தோணிக்காரனுக்காக அந்த வாசலைத் தட்டுபவர் யார்? பெரியவருக்குத் திறந்து ஏழைக்கு மூடிக்கிடப்பதை நீதியின் வாசல் என்று சொல்ல மனம் வருமா?

1931இல் இந்நாடு படிப்பையும் சொத்தையும் பாராமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கொடுத்தது. அது நன்னடத்தைக்குக் கொடுத்த பரிசன்று. ஆளப்படுகிறவனுக்கு ஆட்சியில் ஒரு சொல் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. மறியலால் வந்தவனும் ஆளப்படுகிறவனே. "நீ இன்னும் எங்களில் ஒருவனல்லன்" என்று ஏழு ஆண்டு சொல்லிக்கொண்டே, அவன் திருந்தவில்லையே என்று குறைப்படுவது எப்படி?

அரசியலமைப்பு மாற்றம் பற்றி வாக்குக் கேட்டு வருவோர் பேசும்போது, இந்த உறுப்புரையையும் அவர்களிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை இன்று உங்களிடம் இருக்கிறது; அவனிடம் இல்லை.