ஆயுதமும் ஆத்மரட்சணையும்

தன்னைக் கொல்ல வருகிறவனை எதிர்த்துத் தன் பிராணனைக் காத்துக்கொள்ள மனிதனுக்கு அதிகாரம் உண்டு என்பதில், துறவிகளுக்கு வகுக்கப்பட்ட உயர்ந்த நியமங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அபிப்பிராய பேதம் அதிகமில்லை. அந்த அதிகாரத்தைச் செலுத்துவதற்கான கருவியும், குறிப்பாகத் துப்பாக்கியும், அதனோடு கூடவே உரிமையாக வந்துவிடுகிறதா, அல்லது சமூகம் ஆராய்ந்து பார்த்து அளிக்கவேண்டிய அனுமதியாகவே நிற்கிறதா என்ற இடத்தில்தான் நியாயவாதிகள் பிரிகிறார்கள்.

நம் தேசத்தில் இக்கேள்விக்கு விசித்திரமான சரித்திரம் உண்டு. மெக்காலேயின் தலைமையில் 1837இல் குற்றச் சட்டத்தின் நகலை வரைந்தவர்கள், இந்நாட்டு ஜனங்கள் அக்கிரமக்காரர்களுக்கு அளவுமீறிப் பணிந்துபோகிறார்கள் என்றும், அவர்களுக்கு ஆண்மையும் தைரியமும் ஊட்டவேண்டும் என்றும் கருதித் தற்காப்புரிமையைத் தாராளமாகவே எழுதிவைத்தார்கள். அது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளாக உருப்பெற்றது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்ததும், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, அதே சர்க்கார் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்து, வெள்ளையருக்கு விலக்களித்துவிட்டு, இந்தியன் அனுமதியின்றி ஆயுதம் தாங்குவதைக் குற்றமாக்கிற்று. ஏட்டில் தைரியத்தை எழுதிக் கொடுத்துக் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட இந்தச் செய்கையை, ஆங்கில ஆட்சியின் தீமைகளுள் மிகக் கொடியது என்று கண்டித்தவர் வேறு யாருமல்லர், காந்தியடிகளே.

ஆகவே கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றதில் வியப்பில்லை. ஆனால் 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே உரிமையைச் சாசனத்தில் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் தேதிதான் உரிமமில்லாத பெரெட்டா கைத்துப்பாக்கியொன்று காந்தியடிகளின் உயிரைக் குடித்திருந்தது. இதைக் காட்டி எந்தத் தரப்பும் வெற்றி முழக்கம் செய்வதற்கில்லை. சட்டம் இருந்தும் கொலைகாரனுக்குத் துப்பாக்கி கிடைத்ததே என்று ஒருவர் சொன்னால், அன்று பிரார்த்தனைக்கு வந்திருந்தோர் அனைவரும் ஆயுதபாணிகளாக இருந்திருந்தாலும் அந்த மூன்று குண்டுகளை யார் தடுத்திருக்க முடியும் என்று மற்றவர் கேட்பார்.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1791இல் அமலுக்கு வந்த சாசனத்தின் இரண்டாம் திருத்தம் குடிப்படையைப் பற்றிப் பேசுகிறதா, தனிமனிதனைப் பற்றிப் பேசுகிறதா என்று நெடுங்காலம் தர்க்கித்த பிறகு, 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற நீதிபதிகளின் கணக்கில், வீட்டிலே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமையே என்று தீர்ப்பளித்தது. அத்தரப்பாரின் வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. காவலர் வந்துசேர நேரமாகும். அந்த இடைவேளையில் தனித்திருக்கும் பெண்ணுக்கும் மூப்படைந்தவருக்கும் உடல்வலிமை துணைவராது. வலியவனையும் மெலியவனையும் சமமாக்குவது துப்பாக்கி ஒன்றுதான் என்று அவர்கள் சொல்வதில் மனித துக்கத்தின் உண்மை இருக்கிறது.

எனினும், அந்நியனுக்காக வாங்கி வைத்த ஆயுதம் அந்நியனுக்காகக் காத்திருப்பதில்லை. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். ஒரு மணி நேரம் கழிந்தால் ஒருவேளை தணிந்திருக்கக்கூடிய மனக்கலக்கம், மேஜை இழுப்பறையில் குண்டேற்றிய கருவி இருந்ததனால் மீளமுடியாத முடிவாகிவிடுகிறது. லூசியானா மாகாணத்து பேட்டன் ரூஜ் நகரில் 1992இல் நடந்ததும் சிந்திக்கத்தக்கது. விருந்துக்குப் புறப்பட்ட பதினாறு வயது ஜப்பானிய மாணவன் ஒருவன், வீடு தவறி வேறொரு வாசலில் போய் நின்றான், வீட்டுக்காரர் அபாயம் வந்துவிட்டதென்று அஞ்சிச் சுட்டார், பையன் இறந்தான். குற்ற விசாரணையில் அவர் விடுதலையானார். பின்பு சிவில் நீதிமன்றம் சுமார் ஆறரை லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. அந்த மனிதர் கொடியவர் என்று கொள்ளவேண்டியதில்லை; பயந்தவர், அவ்வளவே. தேவைக்கு மேற்பட்ட தீங்கைச் செய்யலாகாது என்று நம் சட்டம் தற்காப்புக்கு எல்லை கட்டுகிறது. ஆனால் நீதிபதிகள் மாதக்கணக்கில் சாவகாசமாக அளக்கும் அந்த எல்லையை, இருட்டில், நடுங்கும் கையோடு, இரண்டொரு விநாடியில் ஒருவன் அளந்தாகவேண்டும். கையில் தடி இருப்பவனின் தப்புக்கணக்கைப் பெரும்பாலும் மருத்துவர் திருத்திவிடுவார். துப்பாக்கிக்காரனின் தப்புக்கணக்கைத் திருத்துவார் அரிது.

நம் நாட்டிலேயே குடகர்களுக்கு 1861 முதல் உரிமமின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விலக்கு உண்டு. மத்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடியும், சாவு நேர்ந்தால் இரண்டும், கைல்போது பண்டிகையில் ஆயுத பூஜையுமாக, அங்கே துப்பாக்கி குலாசாரத்தோடு கலந்துவிட்டது. ஆசாரத்தின் கட்டுக்குள் ஆயுதம் அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் வெள்ளையருக்குக் காட்டிய விசுவாசத்துக்கு வெகுமதியாக வந்த சலுகையைச் சர்வ ஜனங்களுக்கும் உரிய பிரமாணமாக்க இயலாது.

துப்பாக்கி மெலியவனைச் சமமாக்கும் என்ற வாதம் நம்மிடையே தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஜாதியாலும் நிலத்தாலும் மேடுபள்ளமான ஊரில் ஆயுதம் முதலில் யார் வீட்டுக்குப் போய்ச் சேரும்? போதிய சொத்தில்லை என்ற ஒரே காரணத்தால் உரிமம் மறுக்கப்படலாகாது என்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சொல்லியிருக்கிறது. சொல்லவேண்டிய அவசியம் நேர்ந்ததே நிலைமையைக் காட்டும். வடநாட்டுக் கல்யாண ஊர்வலங்களில் கௌரவத்துக்காக வானத்தைச் சுட்டுப் பக்கத்தில் நின்றவர்களைப் பலிகொடுத்த அவலம் பெருகி, அதைத் தனிக் குற்றமாக்கவே 2019இல் சட்டத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. இங்கே துப்பாக்கி பெரும்பாலும் தற்காப்புக் கருவியாக இருப்பதைக்காட்டிலும் அந்தஸ்தின் அடையாளமாகவே இருந்துவருகிறது.

ஆதலால், தற்காப்பு உரிமை என்றும், துப்பாக்கி அனுமதி என்றும் பிரித்துவைத்த நம் சட்டத்தின் போக்கே நியாயமானது. ஆனால் இப்படிப் பிரித்த மாத்திரத்தில் அரசின் கடமை தீர்ந்துவிடவில்லை. கையிலிருக்கக்கூடிய கருவியை மறுப்பவர், அந்தக் கருவி செய்திருக்கக்கூடிய காவலுக்குத் தாமே கடனாளியாகிறார். உரிமத்தை மறுக்கும் அதிகாரி அதற்குரிய காரணத்தை எழுதிவைக்கவேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. மெய்யாகவே உயிருக்கு அபாயமுள்ளவன் வந்து விண்ணப்பித்து நிற்கும்போது, துப்பாக்கிக்குப் பதிலாக எந்தக் காவல், யார் பொறுப்பில், எத்தனை காலத்துக்கு அவனுக்குக் கிடைக்கும் என்பதையும் அதே உத்தரவில் எழுதச் செய்யவேண்டும். அதை எழுத இயலாத அதிகாரிக்கு உரிமத்தை மறுக்கும் தார்மிகத் தகுதி இல்லை.